கொல்லச் சொன்ன ஈஸ்ட்

கூட்டம் முடிந்து எல்லாரும் கேக் தின்றுகொண்டிருந்தபோதுதான் மேனேஜர் அந்த விஷயத்தைச் சொன்னார். அதுவும் வாயில் கேக்கை வைத்துக்கொண்டே சொன்னார்.

"பழைய குப்பி இன்சுலினை இந்த வருஷத்தோட நிறுத்தறோம். தொட்டி எல்லாம் இனிமே பேனா ஊசியில வர்ற புது மருந்துக்குத்தான். அப்புறம் அந்தப் பழைய ஈஸ்ட் ஃப்ரீசர்ல சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு பாருங்க, அதையும் வேகவெச்சுத் தூக்கிப் போட்டுடுங்க. நுரையக்கா, அது உங்க பொறுப்பு."

நுரையக்கா கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் மற்றவர்களைப் போலக் குரல் ஏறாது, இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் குரலே வராது. அன்றைக்கு வரவில்லை.

அந்தப் பெயர் அவளுக்கு வந்தது வேலைக்குச் சேர்ந்த புதிதில். அந்த மருந்துக் கம்பெனியில் ஆள் உயரத்துக்கு மேலே போகும் எஃகுத் தொட்டிகளில் ஈஸ்ட் வளர்ப்பார்கள். காற்றை உள்ளே அடித்துக்கொண்டே இருப்பதால் நுரை பொங்கும். பொங்காமல் இருக்க எண்ணெய் சொட்டும். ஒருநாள் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. நுரை மேல்குழாய் வழியே பீறிட்டுக் கொட்டியது. கீழே நின்றிருந்தவள் தலை முதல் கால் வரை வெள்ளையாகிவிட்டாள், கண் மட்டும்தான் தெரிந்தது. அன்றிலிருந்து "நுரை". வயது ஏற ஏற அதன் பின்னால் "அக்கா" ஒட்டிக்கொண்டது. அவளைவிட மூத்தவரான மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

மேனேஜர் வேகவைக்கச் சொன்ன ஈஸ்ட் யாரோ எங்கிருந்தோ வாங்கி வந்தது அல்ல. அதைத் தேடிப் பிடித்த இரண்டு பேரில் அவள் ஒருத்தி. இன்னொருவர் சோடாபுட்டி. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று கேட்கக்கூடிய ஆராய்ச்சியாளர்.

ரொட்டியை உப்ப வைக்கிற அதே ஈஸ்ட்தான். அதற்குள்ளே மனித இன்சுலினுக்கான மரபணுவை நுழைத்துவிட்டால், அது தன் பாட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்துகொண்டே நமக்கு வேண்டிய புரதத்தையும் செய்து வெளியே தள்ளும். சொல்லும்போது சுலபம். செய்யும்போது ஈஸ்டிலும் மனிதர்களில் இருக்கிற எல்லா ரகமும் உண்டு என்பது தெரிந்தது. சில ரகங்கள் நன்றாகத் தின்று கொழுத்தன, வேலை மட்டும் செய்யவில்லை. சில ரகங்கள் செய்தன, ஆனால் செய்ததைத் தாங்களே துண்டு துண்டாக நறுக்கித் தின்றுவிட்டன. நறுக்குகிற கத்தரிக்கோலைச் செய்யும் மரபணுவைச் சோடாபுட்டி பிடுங்கி எறிந்தார். பிறகு தட்டுத் தட்டாக வளர்த்து, புள்ளி புள்ளியாக எடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு சுரக்கிறது என்று இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மாதக்கணக்கில். அவள் கல்யாணத்துக்கு எடுத்த விடுப்பைக்கூட இரண்டாகப் பிரித்துத்தான் எடுத்தாள், நடுவில் தட்டுகளைப் பார்க்க வேண்டியிருந்ததால். கடைசியில் ஒன்று கிடைத்தது. வெண்ணெய்ச் சொட்டு மாதிரி, பார்ப்பதற்கு மற்றவற்றைப் போலவே இருந்த ஒரு புள்ளி. எத்தனை தொட்டி மாற்றினாலும் சளைக்காமல் சுரந்தது. சோடாபுட்டி அதற்கு ஏதோ எண்ணும் எழுத்துமாக ஒரு பெயர் வைத்தார். தொட்டிக்கூடத்தில் எல்லாரும் "உழைப்பாளி" என்றுதான் சொன்னார்கள்.

உழைப்பாளியின் இன்சுலின்தான் கடைகளில் குப்பியில் வந்தது. இருப்பதிலேயே விலை குறைந்த இன்சுலின் அதுதான்.

அவள் வீட்டிலேயே அதைப் போட்டுக்கொள்கிறவள் ஒருத்தி உண்டு. கணவனின் அக்கா. அடுத்த தெருவில் தையல்கடை வைத்திருந்தாள். நாக்கும் ஊசிதான். நுரையக்கா கல்யாணமாகி வந்த புதிதில், "பூஞ்சை வளர்க்கிற வேலையாமே? கையை நல்லா கழுவிட்டு அடுப்படிக்குப் போகச் சொல்லு" என்று தம்பியிடம் சொன்னவள், அதுவும் அவள் காதில் விழும்படி. பிறகு நாத்தனாருக்கே சர்க்கரை வந்தது, ஊசியும் வந்தது. மருந்துக்கடையில் குப்பியைத் திருப்பிப் பார்த்து, "இது எங்க வீட்டுப் பொண்ணு செய்யறது" என்று கடைக்காரரிடம் சொல்வாளாம். கடைக்காரர் சொல்லித்தான் நுரையக்காவுக்கே தெரியும். நேரில் ஒரு நாளும் அந்த வார்த்தை வந்ததில்லை.

கேக் தின்ற மறுநாளே மேனேஜர் கேட்டார், "முடிஞ்சுதா?" என்று. நீராவியில் வேகவைக்கிற ஆட்டோகிளேவ் பழுது என்றாள். அதற்கடுத்த வாரம் கேட்டார். கணக்கெடுப்பு முடியட்டும் என்றாள். வருஷக் கடைசிவரை காலம் இருக்கிறது, அதற்குள் யார் காலிலாவது விழுந்து மனதை மாற்றிவிடலாம் என்பது அவள் எண்ணம். வருஷக் கடைசி என்று சொன்னது வாய்ப்பேச்சு என்பதும், கிடங்கிலிருந்து குப்பிகள் வெளியே போவதை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள் என்பதும் தொட்டிக்கூடத்தில் இருந்தவளுக்கு எப்படித் தெரியும்?

தெரியவந்த விதம் இப்படி. தையல்கடைக்குப் பக்கத்தில் பூட்டுக்கடை வைத்திருந்தவர் போன் செய்தார். "உங்க நாத்தனார் மெஷின் மேலயே சாஞ்சுட்டாங்கம்மா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். சீக்கிரம் வாங்க."

அவளும் கணவனும் போய்ச் சேர்ந்தபோது நாத்தனார் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், கையில் குழாய். மருத்துவர் வெளியே அழைத்துச் சொன்னார்: "ரொம்ப நாளா ஊசியைப் பாதி பாதியாப் போட்டிருக்காங்க. சில நாள் அதுகூட இல்ல. கண்ணும் பாதிச்சிருக்கு. இவங்க மட்டும்னு நினைக்காதீங்க. இந்த மாசம் இப்படி நிறையப் பேர் வர்றாங்க."

நாத்தனார் கண் விழித்ததும் நுரையக்கா கேட்டாள். "ஏன் அண்ணி சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? உன் கம்பெனி மருந்து கடையில இல்ல. பேனா மருந்து இருக்குன்னான். விலையைக் கேட்டேன், சர்க்கரை இல்லாமலே மயக்கம் வந்துச்சு. இருக்கற குப்பியை இழுத்துப் பிடிச்சு ஓட்டினேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"உன்கிட்ட வந்து கையேந்தவா? நீதானே செய்யறே? நிறுத்தறது உனக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சும் நீ சொல்லலைன்னா, அப்புறம் நான் என்ன கேக்கறது?"

பட்டென்று முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கணவன் அவள் தோளைத் தொட்டான். தட்டிவிட்டாள்.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே வரச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை.

"குப்பி மருந்து கடையில இல்ல சார். எப்ப நிறுத்தினீங்க?"

"ஓ, அதுவா?" அவர் நாற்காலியில் சாய்ந்தார். "ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா ஜனங்க விலை குறைஞ்சதைத்தானே எடுப்பாங்க? கொஞ்ச நாள் காணோம்னா தானா பேனாவுக்கு மாறிடுவாங்க."

"மாற முடியாதவங்க?"

"பாருங்கம்மா, நாம தர்மத்துக்குக் கம்பெனி நடத்தல."

"தர்மம் கேக்கல சார். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க செய்ய வேண்டாம். உழைப்பாளியை அரசாங்க மருந்து ஆலைக்குக் கொடுத்துடுங்க. அவங்க செஞ்சுக்குவாங்க. நமக்கு ஒரு நஷ்டமும் இல்ல. நாமதான் தூக்கிப் போடறோமே?"

மேனேஜர் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம சொத்தை எதுக்கு அடுத்தவனுக்குக் கொடுக்கணும்?"

"குப்பைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"குப்பையா இருந்தாலும் நம்ம குப்பை."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். இந்த மனிதர் கெட்டவர் என்றுகூட அவள் அதுவரை நினைத்ததில்லை. பிள்ளைகள் படிப்பைப் பற்றி விசாரிப்பார், மழை நாளில் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிடுவார். அதே வாய் இதைச் சொல்கிறது, ஒரு சுருக்கம்கூட முகத்தில் விழாமல்.

"அப்ப நான் கொல்ல மாட்டேன் சார்," என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. "வேற ஆளைப் பாருங்க."

திருடியிருக்கலாமே என்று பிறகு பலர் அவளிடம் கேட்டார்கள். நினைக்காமல் இல்லை. ஃப்ரீசர் சாவி அன்று மாலைவரை அவள் பையில்தான் இருந்தது. ஒரு குப்பி வேண்டாம், காகிதத் துண்டில் ஒரு சொட்டுத் தடவிக் காயவைத்தால் போதும். வீட்டுக்குக் கொண்டுபோய் உயிர் கொடுத்துவிடலாம். ஃப்ரீசரைத் திறந்தும் பார்த்தாள். வெண்புகை இறங்கியது. உள்ளே வரிசையாக நின்றன உழைப்பாளி உறைந்து கிடந்த விதைக்குப்பிகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரலைவிடச் சின்னது. ஆனால் மருந்து என்பது திருட்டுத்தனமாகச் செய்கிற பொருளா? எங்கே பிறந்தது, யார் கையில் வளர்ந்தது என்று பகிரங்கமாகச் சொல்ல முடியாத ரகத்தில் செய்த ஊசியை எந்த அதிகாரி ஒப்புக்கொள்வார், எந்த மருத்துவர் போடுவார்? திருடினால் அவள் வீட்டில் ஒரு சொட்டு ஈஸ்ட் இருக்கும், அவ்வளவுதான். கதவை மூடினாள். மூடும்போது அழுதாள், அதுவும் ஆத்திரத்தில் வந்த அழுகை.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த நாத்தனார் எழுந்து உட்கார்ந்தாள். "குப்பையா இருந்தாலும் நம்ம குப்பைன்னானா? அப்படியே சொன்னானா?"

"அப்படியே."

"ஆஸ்பத்திரி வரிசையில நிக்கறவங்க அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். நீ சும்மா இரு. நான் பார்த்துக்கறேன்."

நாத்தனார் பார்த்துக்கொண்ட விதத்தை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த வாரம் கம்பெனி வாசலில் சர்க்கரை நோயாளிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர், பள்ளிக்கூட ஆயா, சமையல்காரர், இடுப்பில் பிள்ளையோடு ஒரு தாய் – மருந்து அந்தப் பிள்ளைக்கு. காலிக் குப்பிகளை நூலில் கோத்து கேட்டில் தொங்கவிட்டார்கள்; காற்றடித்தால் கலகலவென்று சத்தம். காவலாளி அவிழ்க்கப் போனபோது, "தொட்டுப் பாரு" என்றாள் நாத்தனார். அவன் தொடவில்லை. அவன் அம்மாவுக்கும் அதே மருந்துதான் என்பது பிறகு தெரிந்தது.

பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். நுரையக்கா சீருடையோடு வெளியே வந்து, எல்லார் முன்னாலும் சொன்னாள்: "இந்த மருந்தைச் செய்யற ஈஸ்ட் உள்ளே உயிரோட இருக்கு. செய்யவும் மாட்டாங்களாம், செய்யறவங்களுக்குக் கொடுக்கவும் மாட்டாங்களாம். கொல்லச் சொல்றாங்க. ஏன்னு கேளுங்க."

அவர்கள் கேட்டார்கள். கம்பெனி "பரிசீலிக்கிறோம்" என்றது. அந்த வார்த்தையை நம்பி ஜனங்கள் வீட்டுக்குப் போனார்கள். அவளும் நம்பினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வரும்.

பரிசீலனை எப்படி நடந்தது என்றால், மறுநாளே ஆட்டோகிளேவ் ஓடியது. அதில் விதைக்குப்பிகளை அடுக்கிப் பொத்தானை அழுத்தியவன் அவளோடு வருஷக்கணக்காக ஒரே ஷிப்டில் இருந்தவன். வேலை செய்யும்போது பாடிக்கொண்டே இருப்பதால் அவனுக்குப் பாட்டுக்காரன் என்று பெயர். அன்றைக்குப் பாடவில்லை. அவள் போனபோது எந்திரத்தின் கதவு திறந்திருந்தது, சூடான ரொட்டி வாசனை கூடம் முழுக்கப் பரவியிருந்தது.

"எனக்கும் குடும்பம் இருக்கு அக்கா," என்றான் அவன், அவளைப் பார்க்காமல்.

"எனக்கு இல்லையா?" என்றாள். அதற்குமேல் அவனோடு பேசவில்லை. அன்றும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை. அவன்மேல் இரக்கப்படச் சொல்கிறவர்களைக் கண்டாலே அவளுக்குப் பிடிக்காது.

பத்திரிகைக்குப் பேசினாள் என்று அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். பெட்டியில் சாமானை வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். லாரி ஷெட்டில் மெக்கானிக்காக இருந்த கணவன் எண்ணெய்க் கையோடு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். "இப்ப என்ன பண்ணப் போறே?" என்றான்.

"மறுபடி செய்யப் போறேன்."

"எதை?"

"உழைப்பாளியை."

நேரே சோடாபுட்டியிடம் போனாள். அவர் முன்பே கம்பெனியை விட்டு அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்திருந்தார். சாயம் உதிர்ந்த சுவர், ஒழுகும் குழாய், ஒரு கால் நொண்டும் மேசை. விஷயத்தைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கொன்னுட்டாங்களா?" என்றார். பிறகு, "அதே வழியில போகக் கூடாது. கோர்ட்டுக்கு இழுப்பாங்க. வேற ஈஸ்ட் எடுப்போம். மரபணு யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்ல, ஒவ்வொருத்தர் உடம்புலயும் இருக்கறது," என்றார்.

வேறு ஈஸ்ட் எடுத்தார்கள். அது மெத்தனால் என்ற விஷச் சாராயத்தைக் குடித்து வளர்கிற இனம். மெத்தனால் எரியும், அதன் ஆவி கண்ணைக் கெடுக்கும். கூடத்தில் ஒரு தீப்பொறி விழக்கூடாது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் ஈஸ்டே செத்தது. குறைத்தால் சுரக்க மறுத்தது. முதல் வருஷம் ஒன்றும் உருப்படியாக வரவில்லை. இரண்டாம் வருஷம் வந்தது, நறுக்கப்பட்டு வந்தது. சம்பளம் பழையதில் பாதி. பெரிய மகள் படிப்புக்காகக் கணவன் இரண்டாவது ஷெட்டிலும் வேலை பார்த்தான். மின்சாரம் போய் ஒரு தொட்டி முழுக்கச் செத்த அன்று சோடாபுட்டி, "நமக்கு வயசாயிடுச்சு, விட்டுடலாமா?" என்றார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

இதற்கிடையில் நாத்தனாருக்கு ஒரு கண் போயே போய்விட்டது. ஊசியில் நூல் கோக்க முடியாமல், கடைக்கு வருகிற பெண்களிடம் கொடுத்துக் கோத்து வாங்கினாள். அதைப் பார்த்துவிட்டு வருகிற நாளெல்லாம் நுரையக்கா தட்டுகளை இன்னும் கொஞ்சம் வேகமாக அடுக்குவாள்.

கடைசியில் கிடைத்தது. உழைப்பாளி அளவுக்குச் சுரக்காது. அதை அவள் மறைத்ததே இல்லை. ஆனால் சீராகச் சுரந்தது, நறுக்காமல் கொடுத்தது. சோதனைகள் எல்லாம் முடிந்து, அரசாங்க ஆலையின் முதல் குப்பிகள் ஆஸ்பத்திரிக்குப் போயின. ரகத்தைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்றும், யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்றும், யாரும் பூட்டிவைக்கவோ கொல்லவோ முடியாதபடி விதி எழுத வேண்டும் என்றும் ஒற்றைக்காலில் நின்றாள். எழுதினார்கள்.

போன மாதம் ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்க்க ஒரு குழு வந்தது. அதில் மேனேஜரும் இருந்தார். முடி நரைத்திருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. தொட்டியைச் சுற்றி வந்து, முடிவுகளைப் பார்த்து, தலையாட்டி, "பரவாயில்லையே நுரையக்கா! நம்ம ரகம் பிரமாதமா சுரக்குதே!" என்றார்.

"எந்த நம்ம சார்?"

"என்னம்மா, நீங்க நம்ம கம்பெனியில வளர்ந்தவங்க இல்லையா?"

"நம்ம கம்பெனியில வளர்ந்ததை எல்லாம் நீங்க வேகவெச்சுட்டீங்க. நான்தான் எப்படியோ தப்பிச்சு வந்தேன்."

உடன் வந்தவர்கள் இருமினார்கள். மேனேஜர் சிரிப்பை விடவில்லை. ரகத்தின் ஒரு குப்பி தங்களுக்கும் வேண்டும் என்றார்; யார் கேட்டாலும் கொடுப்பதாகக் கேள்விப்பட்டாராம். சோடாபுட்டி பயந்துபோய் அவளைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய், உலர்பனிப் பெட்டியில் ஒரு குப்பியை வைத்து, மூடி, அவர் கையில் கொடுத்தாள். கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல இருந்த கையால்.

வீட்டில் நாத்தனாரிடம் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

"கொடுத்தியா? அவனுக்கா? என் கண்ணைத் தின்னவனுக்கா?"

"யார் கேட்டாலும் கொடுக்கணும் அண்ணி. விதி அது."

"எவன் எழுதின விதி?"

"நான்தான் எழுதச் சொன்னேன்."

"அப்ப உன் கையைத்தான் உடைக்கணும். அந்த ஆளைத் தவிரன்னு ஒரு வரி சேர்க்க உனக்குத் தோணலையா?"

கணவன் சிரித்துவிட்டான். இருவரும் திரும்பி முறைத்த முறைப்பில், பாதி குடித்த டீயோடு வாசலுக்குப் போய்விட்டான்.

"அவன் இதுல மருந்து செஞ்சு விலையை ஏத்தினா?" என்றாள் நாத்தனார்.

"ஏத்தட்டும். பக்கத்துலயே அரசாங்கக் குப்பி இருக்கு. எவன் வாங்கறான் பார்ப்போம்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்டவுடனே எடுத்துக் கொடுத்தியே, ஒரு நாள் அலையவிட்டிருக்கலாம் இல்ல? ஆஸ்பத்திரி வரிசையில நாங்க நின்ன மாதிரி வாசல்ல நிக்கவெச்சிருக்கலாம் இல்ல?"

நிற்கவைத்திருக்கலாம்தான். அது அப்போது ஏன் தோன்றவில்லை என்று நுரையக்காவுக்கே எரிச்சலாக வந்தது. நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.